கைப்பேசியில் பணம் கையாளத் தொடங்குவோருக்கு ஒரு தற்காப்பு வழிகாட்டி

ஓய்வு பெற்ற பிறகு முதன்முதலாக ஸ்மார்ட்போன் வாங்கியவர்கள், கல்லூரியில் சேர்ந்த பிறகு முதல் வங்கிக் கணக்கைத் திறந்தவர்கள், கணவர் கவனித்துவந்த வரவுசெலவைத் தாமே பார்க்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட பெண்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வங்கிக் கிளையின் முன்மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்பதால், பணத்தை இழந்துவிட்டு வந்து நின்றவர்களின் முகங்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆசிரியர்கள், பொறியாளர்கள், கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அவர்களில் இருந்தார்கள். ஆகவே படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்ற எண்ணத்தை மட்டும் முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

இந்தியாவில் 2024ஆம் ஆண்டில் மட்டும் இணையப் பண மோசடிகளில் மக்கள் இழந்த தொகை சுமார் 22,845 கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அது 7,465 கோடியாக இருந்தது. இத்தனை பெரிய தொகையைக் கேட்டவுடன், யாரோ கணினி மேதைகள் வங்கியின் பூட்டை உடைத்து எடுத்துச் சென்றுவிட்டதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அப்படி நடக்கவில்லை. மோசடிக்காரர் தாமாகத் தேடி வந்தார். பயத்தையோ ஆசையையோ கிளப்பினார். யோசிக்க நேரம் தராமல் அவசரப்படுத்தினார். கடைசிப் பொத்தானை மட்டும் கணக்குக்கு உரியவரின் விரலாலேயே அழுத்த வைத்தார். கதைகள் மாதத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும், இந்த நடைமுறை மாறுவதில்லை. எனவே கதைகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது பயன் தரும்: உங்களைத் தேடி வந்த அழைப்பு, செய்தி, இணைப்பு ஆகியவற்றின் வழியாக ஒருபோதும் பணத்தைத் தொடாதீர்கள், அதைத் துண்டித்துவிட்டு, உங்களுக்கு முன்பே தெரிந்த வழியில் நீங்களாகப் போய் விசாரியுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தப் பழக்கத்துக்குத் துணை செய்பவைதான்.

முதல் படி: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கைப்பேசி வழியே கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் யுபிஐ செயலியில் எந்தக் கணக்கை இணைத்திருக்கிறீர்களோ அந்தக் கணக்கில் மாதச் செலவுக்கு வேண்டிய தொகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியமோ சம்பளமோ வரும் கணக்கு வேறாக இருக்கட்டும். அதை எந்தச் செயலியிலும் இணைக்க வேண்டாம். பால், காய்கறி, பேருந்துக் கட்டணம் எல்லாவற்றையும் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் உள்ள கணக்கிலிருந்து செலுத்தும் ஒருவர் ஏமாந்தாலும், இழப்பு அந்தத் தொகையோடு நின்றுவிடும். நிரந்தர வைப்புத் தொகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். நெட் பேங்கிங் உள்ள கணக்கில் வைத்திருக்கும் வைப்புத் தொகையைப் பெரும்பாலான வங்கிகளில் இணையம் வழியாகவே சில நிமிடங்களில் உடைத்துவிட முடியும். ஆயுள்காலச் சேமிப்பை நெட் பேங்கிங் பெறாத ஒரு கணக்கிலோ அஞ்சலகத்திலோ வைத்திருந்தால், அதை எடுக்க நீங்கள் நேரில் போயாக வேண்டும். அந்த நடைதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

அடுத்து வங்கிச் செயலியைத் திறந்து, ஏடிஎம் அட்டையின் அமைப்புகளைப் பாருங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு, இணையவழிப் பயன்பாடு, தொடாமல் செலுத்தும் வசதி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்தி வைக்கவும் உச்சவரம்பை மாற்றவும் வாடிக்கையாளருக்கு வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டிருக்கிறது. வெளிநாடு செல்லாதவருக்கு வெளிநாட்டுப் பயன்பாடு எதற்கு? அணைத்துவிடுங்கள்.

கைப்பேசியின் திரைப்பூட்டுக்கு ஓர் எண், யுபிஐக்கு வேறோர் எண், ஏடிஎம் அட்டைக்கு இன்னோர் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் வேண்டாம். தொடர்புப் பட்டியலில் "ஏடிஎம்" என்று பெயரிட்டு ரகசிய எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், திருடர்களுக்கும் அந்தப் பழக்கம் தெரியும். மறந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் ஒரு தாளில் எழுதி வீட்டு அலமாரியில் பூட்டி வைப்பதே மேல்.

வாட்ஸ்அப்பின் அமைப்புகளுக்குள் கணக்கு என்ற பகுதியில் இருபடிச் சரிபார்ப்பு என்ற வசதி இருக்கும். அதை இயக்கி ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துவிட்டால், உங்களுக்கு வரும் ஓடிபியை (ஒருமுறை மட்டும் பயன்படும் ரகசிய எண்ணை) யாராவது ஏமாற்றி வாங்கிவிட்டாலும் அந்த எண் இல்லாமல் உங்கள் பெயரில் வாட்ஸ்அப்பைத் திறக்க முடியாது. நண்பரின் எண்ணிலிருந்து "அவசரமாக இருபதாயிரம் அனுப்பு, நாளை தருகிறேன்" என்று வரும் செய்திகள் பெரும்பாலும் இப்படிப் பறிபோன கணக்குகளிலிருந்து வருபவை. அப்படி ஒரு செய்தி வந்தால் பதில் எழுதாமல், அவரைச் சாதாரண தொலைபேசி அழைப்பில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள்.

இரண்டாம் படி: யுபிஐ ரகசிய எண் எதற்கு என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்

யுபிஐ 2016ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று பூக்காரம்மாவின் கூடையிலும் கியூஆர் குறியீடு தொங்குகிறது. ஆனாலும் அதன் அடிப்படை விதி ஒன்று இன்னும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. ரகசிய எண்ணைப் பணம் அனுப்புவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் கேட்பார்கள். பணம் பெறுவதற்கு ஒருபோதும் கேட்பதில்லை. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வதும் பணம் கொடுப்பவர் செய்ய வேண்டிய வேலைதான். பணம் வாங்குபவர் ஸ்கேன் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

இதைச் சொன்னால் "இதுகூடவா தெரியாது" என்று சிரிப்பவர்கள்கூட, பழைய குளிர்சாதனப் பெட்டியை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்த நாளில் தடுமாறிவிடுகிறார்கள். தன்னை ராணுவ வீரர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒருவர் அழைப்பார், பேரம் பேசமாட்டார், பொருளைப் பார்க்கவும் வரமாட்டார். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து உங்கள் எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்பார். நம்பிக்கை ஏற்படுவதற்காக முதலில் ஒரு ரூபாயோ பத்து ரூபாயோ உண்மையாகவே அனுப்புவதும் உண்டு. அதற்கடுத்த ஸ்கேனில் பத்தாயிரம் ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறும். பொருளைப் பார்க்காமல் விலைக்கு ஒப்புக்கொள்பவர் நம் ஊர்ச் சந்தையில் ஒருவர்கூடக் கிடையாது என்பதை நினைத்துக்கொண்டாலே போதும்.

தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கோரி அனுப்பும் யுபிஐ வேண்டுகோள் வசதி, இத்தகைய மோசடிகளின் காரணமாக 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. வணிகர்கள் அனுப்பும் வேண்டுகோள் இன்னும் இருக்கிறது என்பதால், நீங்கள் எதையும் வாங்காத நேரத்தில் அப்படி ஒன்று திரையில் தோன்றினால் மறுத்துவிடுங்கள். கடையில் ஸ்கேன் செய்யும்போதும் ரகசிய எண்ணைப் போடுவதற்கு முன் திரையில் தோன்றும் பெயரைப் படியுங்கள். கடைக்காரரின் குறியீட்டின் மேல் வேறொருவரின் குறியீட்டை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டும் நடந்திருக்கிறது.

இதன் மறுபக்கமாக இன்னொரு கதை உண்டு. "உங்கள் கணக்கில் 15,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். சற்று நேரத்தில் ஒருவர் பதற்றத்தோடு அழைத்து, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய பணத்தைத் தவறாக உங்களுக்கு அனுப்பிவிட்டதாகக் கெஞ்சுவார். அந்தக் குறுஞ்செய்தி வங்கியிலிருந்து வந்திருக்காது, அவரே அனுப்பியிருப்பார். வங்கிச் செயலியைத் திறந்து உண்மையான இருப்பைப் பாருங்கள். ஒருவேளை பணம் மெய்யாகவே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கலாம். அனுப்பியவரைத் தம் வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, நீங்களும் உங்கள் கிளைக்குத் தெரிவித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: அழைத்தவர் யார் என்று தீர்மானிக்க முயலாதீர்கள், துண்டித்துவிடுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, மறுமுனையில் பேசுபவர் உண்மையானவரா போலியா என்று பேசிக்கொண்டே கண்டுபிடிக்க முயல்வதுதான். அவருக்கு அது தொழில். நாள்தோறும் நூறு பேரிடம் பேசிப் பழகியவர். உங்கள் பெயர், முகவரி, ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றை அவரே சொல்வார். அத்தகைய விவரங்கள் எங்கெங்கோ கசிந்து விலைக்குக் கிடைக்கின்றன. அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலிகளில் யார் வேண்டுமானாலும் "வங்கித் தலைமை அலுவலகம்" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஆராய்ச்சி வேண்டாம். "நான் கிளைக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லித் துண்டியுங்கள். அதன் பிறகு அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். இணையத்தில் தேடி எடுக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களை நம்ப வேண்டாம். போலி எண்களைத் தேடல் முடிவுகளில் முன்னே வரும்படி செய்துவைத்திருக்கிறார்கள்.

சில அடையாளங்களையும் அறிந்துகொள்வது நல்லது, ஆனால் அவற்றைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள். வங்கி, காப்பீட்டு நிறுவனங்கள் சேவை தொடர்பாக அழைப்பதற்கு 1600 என்று தொடங்கும் எண்வரிசையைத் தொலைத்தொடர்புத் துறை ஒதுக்கியிருக்கிறது; விளம்பர அழைப்புகளுக்கு 140 வரிசை. நிறுவனங்களின் குறுஞ்செய்திகள் பத்து இலக்க எண்ணிலிருந்து வருவதில்லை. எழுத்துகளால் ஆன பெயரிலிருந்து வரும். அந்தப் பெயரின் முடிவில் ஒரு சிறுகோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும்: விளம்பரத்துக்குப் பி (P), சேவைக்கு எஸ் (S), பரிவர்த்தனைக்கு டி (T), அரசுச் செய்திக்கு ஜி (G). வங்கிகளின் இணைய முகவரிகளும் பேங்க்.இன் (.bank.in) என்று முடியும்படி ரிசர்வ் வங்கியின் உத்தரவால் மாற்றப்பட்டிருக்கின்றன.

"சென்ற மாதக் கட்டணம் பதிவாகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்" என்ற செய்தி தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து வரும் அந்தச் செய்தியில் உங்கள் மின் இணைப்பு எண் இருக்காது. இ.பி. அலுவலகத்தின் செயலியில் இணைப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தால் பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். முகவரி முழுமையாக இல்லாததால் பார்சல் நிற்கிறது என்று அஞ்சல் துறையின் பெயரில் வரும் செய்தியும், போக்குவரத்து அபராதம் என்று வரும் செய்தியும் இதே வகையைச் சேர்ந்தவை.

இவற்றிலெல்லாம் கொடியது 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று அவர்கள் பெயர் சூட்டியிருக்கும் நாடகம். முதலில் கூரியர் நிறுவனத்திலிருந்தோ தொலைத்தொடர்புத் துறையிலிருந்தோ பேசுவதாக ஒரு குரல் வரும். உங்கள் ஆதாரைப் பயன்படுத்திப் போதைப்பொருள் அனுப்பப்பட்டிருக்கிறது அல்லது உங்கள் பெயரில் வாங்கிய சிம் குற்றத்தில் சிக்கியிருக்கிறது என்று சொல்லி, அழைப்பை மும்பைக் காவல் துறைக்கோ சிபிஐக்கோ மாற்றிவிடுவதாக நடிக்கும். பிறகு வீடியோ அழைப்பு. சீருடை அணிந்த ஒருவர், பின்னால் தேசியச் சின்னம், முத்திரையுடன் கைது ஆணை. வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, கேமராவை அணைக்கக் கூடாது, உங்கள் பணம் முழுவதையும் 'சரிபார்ப்புக்காக' அவர்கள் சொல்லும் கணக்குக்கு மாற்ற வேண்டும், குற்றமில்லை என்று தெரிந்தால் திரும்ப வந்துவிடும் என்பார்கள். 2024 ஆகஸ்டில் வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் இப்படித்தான் ஏழு கோடி ரூபாயை இழந்தார். உச்ச நீதிமன்ற விசாரணை என்ற பெயரில் தலைமை நீதிபதியைப் போல ஒருவரை நடிக்கவைத்திருந்தார்கள். பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்த தொழிலதிபரையே அறைக்குள் முடக்கிவைத்த அச்சம், தனியாக வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வழக்குகளை நாடு முழுவதும் விசாரிக்கும்படி 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிபிஐக்கு உத்தரவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பவரை இந்த நாடகத்தால் அசைக்க முடியாது. வீடியோ வழியாகக் கைது செய்யும் முறை இந்தியச் சட்டத்தில் இல்லை. கைது செய்யும் காவல் அதிகாரி நேரில் வர வேண்டும், தம் பெயரைத் தெளிவாகக் காட்டும் அடையாளம் அணிந்திருக்க வேண்டும், சாட்சி கையொப்பத்துடன் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். விசாரணைக்கு ஆஜராகும்படி காவல் துறை கொடுக்கும் அறிவிப்பைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்த விசாரணை அமைப்பும் சரிபார்ப்பதற்காக உங்கள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வதில்லை.

இருந்தாலும் அந்த நேரத்தில் சட்டப்பிரிவுகள் நினைவுக்கு வரமாட்டா, கைகால் நடுங்கும். ஆகவே உடம்பால் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்: கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். யாராவது ஒருவரிடம் நடப்பதைச் சொல்லிவிட்டால் அந்த மாயம் கலைந்துவிடும், அதனால்தான் "யாரிடமும் சொல்லாதே" என்பதை அவர்கள் முதல் நிபந்தனையாக வைக்கிறார்கள். எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் வந்து, பேத்தியின் கல்யாணத்துக்கு என்று சொல்லி மூன்று வைப்புத் தொகைகளையும் உடைக்கக் கேட்டார். அவருடைய சட்டைப்பையில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்ததைக் கவனித்த ஊழியர் ஒருவர், பேசாமல் ஒரு தாளில் "யாராவது மிரட்டுகிறார்களா?" என்று எழுதிக் காட்டினார். பெரியவர் தலையை மட்டும் அசைத்தார். வயதான பெற்றோரைவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், "யார் மிரட்டினாலும் முதலில் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், நான் திட்டமாட்டேன்" என்று இன்றைக்கே சொல்லி வைத்துவிடுங்கள். அதில் கடைசி இரண்டு சொற்கள்தாம் முக்கியம். பிள்ளைகள் திட்டுவார்கள் என்ற பயத்தினாலேயே பலர் மறைக்கிறார்கள்.

நான்காம் படி: செயலிகளை வாங்கும் இடம் ஒன்றாக இருக்கட்டும்

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு கோப்பு வரும்; போக்குவரத்து அபராத ரசீது என்றும் விவசாயிகள் உதவித்தொகை என்றும்கூட வரும். பெயரின் முடிவில் ஏபிகே (apk) என்ற மூன்றெழுத்து இருந்தால் அது பத்திரிகையும் அல்ல, ரசீதும் அல்ல. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நிறுவக்கூடிய செயலி. நிறுவும்போது குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை அது கேட்கும். கொடுத்துவிட்டால் உங்களுக்கு வரும் ஓடிபிகள் எல்லாம் மோசடிக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அதன் பிறகு அவர் உங்களிடம் எதையும் கேட்கவே தேவையில்லை. அனுப்பியவர் சொந்த மைத்துனராகவே இருந்தாலும் திறக்க வேண்டாம். அவருடைய கைப்பேசி ஏற்கெனவே பாதிக்கப்பட்டு, அவருக்கே தெரியாமல் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கலாம். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் நிறுவுங்கள், அங்கும் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பார்த்துவிட்டு நிறுவுங்கள். தெரியாமல் நிறுவிவிட்டால், உடனே இணையத்தைத் துண்டித்து விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு கைப்பேசியை முழுமையாக அழித்து மீட்டமைத்துவிடுவதே பாதுகாப்பு.

எனி டெஸ்க், டீம் வியூவர் போன்றவை, தொலைவிலிருந்து இன்னொருவரின் திரையைப் பார்த்து உதவுவது போன்ற நேர்மையான வேலைக்காக உருவாக்கிய செயலிகள்தாம். ஆனால் "உதவி செய்கிறேன், இதை நிறுவி அதில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று அறிமுகமில்லாத ஒருவர் கேட்டால், உங்கள் திரையை அவருடைய கண்முன் விரித்து வைக்கிறீர்கள் என்று பொருள். வாட்ஸ்அப்பின் வீடியோ அழைப்பிலேயே திரையைப் பகிரும் வசதி வந்துவிட்டதால், அதையும் கேட்கிறார்கள்.

கூரியர்காரரைத் தொடர்புகொள்ள *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்துங்கள் என்று சொன்னால் அழுத்த வேண்டாம். உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை அது. ஏற்கெனவே அழுத்திவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் ##002# என்று அழுத்தி எல்லாத் திருப்புதல்களையும் நீக்கிவிடலாம்.

ஐந்தாம் படி: ஆசை காட்டுபவர்களிடம் கணக்குப் போட்டுப் பேசுங்கள்

பயமுறுத்துபவர்களைவிட இனிக்கப் பேசுபவர்களே அதிக நாள் கூட இருந்து அதிகம் கறக்கிறார்கள். வீட்டிலிருந்தே வேலை என்று டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்ப்பார்கள். யூடியூப் காணொளிக்கு விருப்பம் தெரிவித்தால் 50 ரூபாய், உணவகத்துக்கு மதிப்புரை எழுதினால் 150 ரூபாய். முதல் இரண்டு நாள் பணம் உண்மையாகவே வரும். மூன்றாம் நாள் 'முன்பணப் பணி' தொடங்கும்: ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. அதுவும் வரும். பிறகு ஐம்பதாயிரம் கட்டிய பின், திரையில் உங்கள் பெயரில் லட்சக்கணக்கில் லாபம் தெரியும். எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள். சம்பளம் தருபவர் உங்களிடம் பணம் கேட்க வேண்டிய காரணம் ஏதாவது உண்டா என்ற ஒரு கேள்வியே இதற்குப் போதுமானது.

பங்குச்சந்தை வாட்ஸ்அப் குழுக்கள் இதன் பணக்கார வடிவம். குழுவில் இருக்கும் எண்பது பேரில் எழுபத்தொன்பது பேர் அவர்களுடைய ஆட்களாகவே இருக்கலாம்; தினமும் லாபக் கணக்கைப் பகிர்ந்து நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள். பணம் போடும் முன் அந்த நிறுவனம் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்றதா என்பதைச் செபியின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற தரகர்களின் யுபிஐ முகவரியில், @ குறியை அடுத்து வேலிட் (valid) என்ற சொல்லும் வங்கியின் பெயரும் வரும்படி 2025 அக்டோபர் முதல் செபி ஏற்பாடு செய்திருக்கிறது. தனிநபர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. "உன் கணக்கைக் கொஞ்ச நாளுக்குக் கொடு, வரும் பணத்தில் இரண்டு சதவீதம் உனக்கு" என்று நண்பனே கேட்டாலும் கணக்கையோ சிம் அட்டையையோ கொடுக்காதீர்கள். திருடிய பணம் அப்படிப்பட்ட கணக்குகளின் வழியாகத்தான் கைமாறுகிறது; புகார் வந்தவுடன் போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். தாய்லாந்தில் கணினி வேலை என்று ஏமாந்து மியான்மர், கம்போடியா மோசடி முகாம்களில் அடைபட்டு, அங்கிருந்து மற்றவர்களை ஏமாற்றும்படி அடித்து வேலை வாங்கப்பட்ட தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

ஆதாரைப் பற்றிச் சுருக்கமாக: ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் ஓடிபி இல்லாமலே சிறு தொகைகளை எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. கிராமங்களுக்கு உதவியான அந்த வசதியைப் பத்திரங்களிலிருந்து நகலெடுத்த கைரேகையால் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகையைப் பூட்டி வைக்கலாம். ரேஷன் கடைக்குப் போகும் நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். விடுதிக்கும் வாடகை வீட்டுக்கும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, உங்களுடையது அல்லாததை நீக்கச் சொல்லலாம்.

பணம் போய்விட்டால்

அழுவதற்கும் வீட்டில் சொல்லலாமா என்று யோசிப்பதற்கும் முன்னால் இணையப் பண மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து பத்துக் கணக்குகளுக்கு என்று நிமிடக் கணக்கில் ஓடும். எங்கேனும் ஓரிடத்தில் அது இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும்போதே அந்த வங்கிக்குத் தகவல் போனால்தான் தடுத்து நிறுத்த முடியும். அழைக்கும்போது உங்கள் கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் பன்னிரண்டு இலக்க எண் கிடைக்கும். இணைப்பு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் நேரடியாகப் பதியுங்கள். 1930இல் சொன்னவர்களும் வரும் ஒப்புகை எண்ணைக் கொண்டு 24 மணி நேரத்துக்குள் அதே தளத்தில் புகாரை முழுமைப்படுத்த வேண்டும்.

இரண்டாவது வேலை வங்கி. தொலைபேசியில் சொல்லி அட்டையையும் யுபிஐயையும் நிறுத்திய பிறகு, கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்து, தேதியும் முத்திரையும் உள்ள நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைக்கு மதிப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் வகுத்த விதிகளின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் நேர்ந்த அனுமதியற்ற பரிவர்த்தனையை மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சாராது. நான்கு முதல் ஏழு வேலைநாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சமாகப் பத்தாயிரம் ரூபாய்வரை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். நீங்களே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரையிலான இழப்பு உங்களுடையது. தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று வங்கி சொல்லுமானால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன்: இந்த விதிகளைச் சொல்லிக் கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலே வேறு.

செய்திகள், அழைப்புப் பட்டியல், அனுப்பிய எண்கள் எதையும் வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு மாவட்டச் சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். பணம் ஏதோ ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்தால், அதை விடுவித்துத் தரும்படி நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டியிருக்கலாம். எந்த வங்கியில் எவ்வளவு நிற்கிறது என்பதை விசாரணை அதிகாரியிடம் கேட்டு எழுதி வாங்குவது அதற்கு முதல் தேவை. வங்கி 30 நாள்களில் பதில் தரவில்லை என்றாலோ தந்த பதில் நிறைவாக இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

புகார் கொடுத்த சில வாரங்களில் இன்னோர் அழைப்பு வரக்கூடும். தன்னைச் சைபர் பிரிவு அதிகாரி என்றோ பணத்தை மீட்டுத் தரும் வழக்கறிஞர் என்றோ சொல்லிக்கொண்டு, உங்கள் பணம் கிடைத்துவிட்டது, கோப்பை நகர்த்த ஐயாயிரம் ரூபாய் செலுத்துங்கள் என்பார். ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியலும் விலைக்குப் போகிறது. அவருடைய எண்ணையும் குறித்துக்கொண்டு, பழைய ஒப்புகை எண்ணைச் சொல்லி அதே புகாரில் சேர்க்கச் சொல்லுங்கள்.